டொமைன் வழக்கில் கடைக்காரர்கள் கோட்டைவிடும் இடங்கள்

காரைக்குடிப் பலகாரக் கடையோ, ஆத்தங்குடிக் கல் பட்டறையோ, உங்கள் கடைப் பெயரில் வேறொருவர் டொமைன் (இணைய முகவரி) வாங்கிவிட்டால் ஆத்திரத்தில் புகார் எழுதாதீர்கள். புகாரை விசாரிக்கும் நடுவர் பார்ப்பது தேதியையும் காகிதத்தையும்தான்.

பலர் ஊர்ப்பெயரை நம்பி ஏமாறுகிறார்கள். ‘செட்டிநாடு’ யாருக்கும் தனிச்சொத்து அல்ல. அதோடு சேர்த்து நீங்கள் வைத்த பெயருக்குத்தான் பலம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் டாட் காம் வழக்கில் அதை மட்டும் வைத்து டிரேட்மார்க் உரிமை கோர முடியாது. நிலுவையில் உள்ள டிரேட்மார்க் விண்ணப்பமும் போதாது. பதிவில்லாத பழைய கடை என்றால் பில் புத்தகம், விளம்பரம், பத்திரிகைச் செய்தி எல்லாம் தேதியோடு வேண்டும்.

டாட் காமுக்கு யுடிஆர்பி (UDRP) என்ற சர்வதேச டொமைன் தகராறு விதி. புகாரை வைப்போ (WIPO, ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பு) போன்ற அமைப்பிடம் கொடுக்கலாம். டாட் இன் என்றால், அந்த முகவரிகளை நிர்வகிக்கும் நிக்சியின் (NIXI) ஐஎன்டிஆர்பி (INDRP) விதி. பெயர் குழப்பும்படி ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கம் இருக்கிறது என்ற மூன்றையும் இரண்டிலும் காட்ட வேண்டும். சறுக்குவது மூன்றாவதில். யுடிஆர்பியில் பதிவு செய்ததும் பயன்படுத்துவதும், இரண்டுமே கெட்ட நோக்கமாக இருக்க வேண்டும். ஐஎன்டிஆர்பியில் ஏதேனும் ஒன்று போதும். ஆகவே டொமைன் பதிவான பிறகு தொடங்கிய கடைக்கு டாட் காம் வழக்கு பெரும்பாலும் வீண். வைப்போவில் ஒரு நடுவருக்கு, ஐந்து டொமைன் வரை, 1,500 டாலர் கட்டணம். ஜெயித்தாலும் டொமைன் கைமாறும் அல்லது ரத்தாகும், அவ்வளவுதான். நஷ்டஈடு வேண்டுமானால் நீதிமன்றம்.

நோட்டீஸ் அனுப்பிய பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுப்பது இன்னொரு பெரிய தவறு. நோட்டீஸ் கண்டதும் எதிராளி பக்கத்தைத் துடைத்துவிடுவார். முகவரியும் தேதியும் தெரியும்படி முதலிலேயே எடுத்து வையுங்கள். விலையையும் நீங்களாகக் கேட்காதீர்கள். தன் செலவைவிடப் பல மடங்கு தொகையை அவராக உங்களிடம் கேட்டால் அது வலுவான சாட்சி; நீங்கள் கேட்டு அவர் சொன்னால் அந்த வலு குறையும்.

இங்கே மிகவும் கவலை தருவது, வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கி வைத்திருப்பது. கணக்கு வழக்கில் மனஸ்தாபம் வந்து அவர் தர மறுத்தால், நடுவர்கள் பெரும்பாலும் இதை ஒப்பந்தத் தகராறு என்று சொல்லி நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்வார்கள். ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கணக்கில் உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், செல்பேசி எண் மூன்றும் முதலாளியுடையதா என்று இன்றே திறந்து பாருங்கள். இல்லையென்றால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி எழுதி வாங்கிவிடுங்கள்.