கல்யாணப் பத்திரிகையும் மண்டப அலங்காரமும்: மணமக்கள் இருவரே செய்துகொள்ளும் முறை

மணமக்கள் தங்கள் கல்யாணத்துக்குத் தாங்களே அலங்காரம் செய்துகொள்வதில் உள்ள முதல் சிக்கல், அந்த அலங்காரம் தேவைப்படும் நேரத்தில் அவர்கள் இருவரும் மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதே. நானும் என் கணவரும் எங்கள் பத்திரிகையையும் அலங்காரத்தையும் கையாலேயே செய்தோம். அதில் நன்றாக வந்தவை அனைத்தும் முன்கூட்டியே முடித்த வேலைகள். சொதப்பியவை அனைத்தும் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைத்தவை. ஆகவே தாளையும் கத்தரிக்கோலையும் எடுக்கும் முன், ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, காய்ந்த வேலைகளை ஒரு பக்கமும் வாடும் வேலைகளை மறு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகை, காகிதத் தோரணம், புடவைத் திரை ஆகியவை காய்ந்த வேலைகள். அவற்றை நீங்கள் செய்யலாம். குருத்தோலை, மாவிலை, பூ, வாழைமரம் ஆகியவை வாடும் வேலைகள். அவற்றைத் திட்டமிடுவது மட்டுமே உங்களுடையது, கட்டுவது வேறொருவருடையது.

படி 1: எத்தனை பத்திரிகை

ஆட்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள். முந்நூறு பேர் வரும் கல்யாணத்துக்கு எங்களுக்குத் தேவைப்பட்டவை நூற்றுப் பத்துப் பத்திரிகைகள்தாம். அலுவலக நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாலே போதும் என்று முடிவு செய்ததால் எண்ணிக்கை இன்னும் குறைந்தது. ஆனால் வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து நேரில் அழைக்க வேண்டிய உறவினர் எவரையும் அந்தப் பட்டியலுக்குத் தள்ளிவிட முடியாது. வந்த எண்ணிக்கையோடு இருபது பத்திரிகைகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது சில வீணாகும், மறந்துபோன பெரியம்மா ஒருவர் கடைசி வாரத்தில் நினைவுக்கு வருவார்.

படி 2: வாசகம்

வாசகத்தை உறுதி செய்யாமல் வடிவமைப்பில் இறங்குவது பெரும் நேர விரயம். பழைய குடும்பப் பத்திரிகை ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டால் வேலை எளிது. ஆனால் அதில் உள்ள தமிழ் வருடத்தை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 14 அன்று பிறந்தது விசுவாவசு வருடம். 2026 ஏப்ரல் 14 முதல் பராபவ வருடம். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை வைத்துச் சரிபாருங்கள். திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வி என்ற அடைமொழிகளையும் அழகுக்காக மாற்றிப் போடக் கூடாது. வீட்டில் இன்னும் கல்யாணமாக வேண்டிய பிள்ளைகள் இருந்தால் முன்னது என்றும், இதோடு அந்த வீட்டுக் கல்யாணங்கள் நிறைவடைகின்றன என்றால் பின்னது என்றும் பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள்.

‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன் கீழே வரும் பெயர் வரிசைதான் உண்மையில் கடினமான பகுதி. அதை நீங்கள் இருவரும் எழுதாதீர்கள். இரு வீட்டிலும் ஒரு மூத்தவரிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து அவர்கள் கையாலேயே எழுதி வாங்கி, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயர் யாருக்குக் கீழே போனது என்ற பேச்சு எழும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

படி 3: எழுத்துருவும் அச்சும்

தமிழுக்கு விலையில்லாமல் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள் இன்று பல உள்ளன. உடல் வாசகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர், மணமக்கள் பெயருக்கு மட்டும் அரிமா மதுரை அல்லது கவிவனார் என இரண்டோடு நிறுத்திக்கொண்டால் பத்திரிகை பார்க்க நிதானமாக இருக்கும். மூன்றாவது எழுத்துரு நுழைந்தவுடன் அது துண்டுப் பிரசுரம் போலாகிவிடுகிறது. வடிவமைக்க இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளே போதுமானது.

முடித்த கோப்பை எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் வாசகத்தை வேர்ட் கோப்பாகக் கொடுத்தோம். கடைக்காரரின் கணினியில் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களே பழக்கத்தில் இருந்ததால், ஒட்டிய வாசகத்தின் கொம்பும் காலும் இடம் மாறிப்போயின. ‘சௌபாக்கியவதி’ என்பதன் முதல் எழுத்து மூன்று துண்டுகளாகச் சிதறியிருந்ததை நாற்பது தாள்கள் வெளியே வந்த பிறகே பார்த்தோம். சௌ, கொ, ஸ்ரீ ஆகிய எழுத்துகள் வரும் இடங்களை முதல் தாளிலேயே விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். அதே முதல் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமைந்திருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

படி 4: தாள், வெட்டு, மடிப்பு

கையால் செய்த காகிதத்தின் மீது எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் லேசர் அச்சின் பொடி சொரசொரப்பான தாளில் சரியாகப் பிடிப்பதில்லை. விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது. வாசகத்தை வழவழப்பான 250 ஜிஎஸ்எம் (அதாவது ஒரு சதுர மீட்டர் 250 கிராம் எடையுள்ள) ஐவரி போர்டு அட்டையில் அச்சிட்டு, கையால் செய்த காகிதத்தைப் பத்திரிகையைச் சுற்றும் பட்டையாக மட்டும் பயன்படுத்தினால் இரண்டின் பயனும் கிடைக்கும்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் தபால் செலவும் அடங்கியிருக்கிறது. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை ஒன்றின் எடை 18.75 கிராம், அதை அப்படியே மடித்து உறையில் போட்டால், சாதாரணத் தபாலின் முதல் எடை வரம்பான 20 கிராமைத் தாண்டிவிடும். அதுவே 250 ஜிஎஸ்எம் தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் அட்டை எட்டுக் கிராமுக்குள் அடங்கும், உறையைச் சேர்த்தாலும் வரம்புக்குள் நிற்கும். ஓர் ஏ4 தாளில் இரண்டு பத்திரிகைகள் கிடைப்பது கூடுதல் லாபம்.

எனவே 297 மில்லிமீட்டர் நீளமுள்ள பக்கத்தின் நடுவில் வெட்டி ஒவ்வொரு தாளையும் இரண்டாக்குங்கள். மரத்தைப் போலவே தாளுக்கும் நாரோட்டம் உண்டு. அட்டையை இரு விதமாகவும் லேசாக வளைத்துப் பார்த்தால், எந்தத் திசையில் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாகவே நாரோட்டம் இருக்கும். நாரோட்டம் ஏ4 தாளின் நீளவாக்கில் இருந்தால், மேலே சொன்னபடி வெட்டிய பின் விழும் மடிப்பு அதற்கு இணையாக அமையும். குறுக்கே மடித்தால் மடிப்பின் முதுகு வெடித்து வெள்ளையாகத் தெரியும். கடையில் தாள் வாங்கும்போதே இந்த வளைப்புச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மடிப்பதற்கு முன் கோடு பதிக்க வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்றும் இரும்பு அளவுகோலும் இதற்குப் போதும். அடியில் பழைய செய்தித்தாள் நான்கைந்தை விரித்து, 210 மில்லிமீட்டர் பக்கத்தின் நடுவில், அதாவது 105-இல், அளவுகோலை அழுத்திப் பிடித்துப் பேனா முனையால் ஒரே இழுப்பில் பள்ளம் போடுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் மடிப்பின் வெளிப்புறமாக இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தாளைக் குறை சொல்வார்கள். ஒருவர் கோடு போட, மற்றவர் மடித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டே வந்தால் நூற்று முப்பது பத்திரிகைகள் ஒரு மாலையில் முடியும். பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்பதால் எங்களுக்குப் பிடித்த மாலைகளில் அதுவும் ஒன்று.

படி 5: கோல முத்திரை

முகப்பில் கையால் பதித்த ஒரு சிறிய கோலம் இருந்தால் வேறு அலங்காரம் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பெரிய வெள்ளை ரப்பர் ஒன்றில் நாலு புள்ளிக் கோலத்தைப் பென்சிலால் வரைந்து, கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தை இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கட்டர் முனையால் செதுக்கி எடுங்கள். கோலம் இருபுறமும் ஒத்த வடிவம் என்பதால் இடவலம் மாறினாலும் தெரியாது. பெயரின் முதலெழுத்தைச் செதுக்க விரும்பினால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பித்தான் வரைய வேண்டும். காவி நிற ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, நேராக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். முதல் பத்தையும் பழைய தாளில் பதியுங்கள். பதித்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக உடனே அடுக்கினால் மேல் பத்திரிகையின் முதுகில் கோலம் விழுந்துவிடும். துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டிக் காயவிடலாம்.

முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைத்த பிறகு, மற்றவற்றின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவார்கள். மஞ்சளைக் கூழாகக் குழைத்தால் தாள் ஊறி மையும் கலங்கும். விரலை லேசாக நனைத்து, உலர்ந்த மஞ்சள் பொடியைத் தொட்டு ஒற்றினாலே போதும். வெற்றிலை போடுகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கும் முன் கையைக் கழுவச் சொல்லுங்கள். என் அப்பாத்தா ஆசையாகத் தடவிக் கொடுத்த பதினைந்து பத்திரிகைகளின் மூலைகள், அவர் விரலில் இருந்த சுண்ணாம்பு பட்டுக் குங்குமச் சிவப்பாக மாறியிருந்தன. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி நிறம் வரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அந்தப் பதினைந்தையும் நெருங்கிய உறவுக்கே கொடுக்க வேண்டும் என்று சாதித்துவிட்டார்.

படி 6: மண்டபத்தை அளந்து, புடவைத் திரை அமைத்தல்

அலங்காரத்துக்கு எதையும் வாங்கும் முன் மண்டபத்துக்கு ஒரு முறை டேப்புடன் சென்று வாருங்கள். மேடையின் அகலம், உயரம், வாசல் தூண்களுக்கு இடையிலான தூரம், கயிறு கட்டக் கொக்கி உள்ள இடங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சுவரில் ஆணி அடிக்கவும் டேப் ஒட்டவும் அனுமதி உண்டா என்றும், முந்தின நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

மேடையின் பின்புறத்துக்குப் புதிய துணி வாங்குவது வீண் செலவு. எங்கள் திரை, என் அம்மாவும் மாமியாரும் சேர்த்து வைத்திருந்த சின்னாளப்பட்டிச் சுங்குடிப் புடவைகள்தாம். கணக்கு எளிது. ஐந்தரை மீட்டர் புடவையைக் கம்பின்மேல் பாதியாக மடித்துப் போட்டால் இரண்டே முக்கால் மீட்டர், அதாவது ஒன்பது அடி, கீழே தொங்கும். ஏறத்தாழ ஒன்றே கால் கெஜ அகலமுள்ள புடவையைக் கொசுவிச் சுருக்கினால் இரண்டு அடி இடத்தை அடைக்கும். பன்னிரண்டு அடி மேடைக்கு ஆறு புடவைகள் போதும். மடித்துப் போடுவதால் ஊக்கே தேவையில்லை, துணியில் ஓட்டை விழாது. சவுக்குக் கம்பின் சொரசொரப்பில் நூல் இழுபடும் என்பதால், பழைய வேட்டி ஒன்றைக் கம்பில் சுற்றிய பிறகு புடவையைப் போடுங்கள். சிந்தெடிக் புடவைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஓம குண்டத்துக்கும் குத்துவிளக்குக்கும் அருகில் உருகக்கூடிய துணி இருக்கக் கூடாது. எந்தத் துணியாக இருந்தாலும் நெருப்பிலிருந்து நன்றாகத் தள்ளியே தொங்க வேண்டும்.

வீட்டிலேயே கம்பை இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்துப் புடவைகளின் நிற வரிசையை ஒரு முறை போட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் வேறு யாரோ தொங்கவிடும்போது அந்தப் படம் தேவைப்படும்.

காகிதத் தோரணத்துக்குப் பட்டம் செய்யும் மெல்லிய காகிதமே ஏற்றது. எட்டுத் தாள்களைச் சேர்த்து மடித்து வெட்டி, மேல் விளிம்பில் அரை அங்குலம் விட்டு, அதில் நூலை வைத்து மடித்து ஒட்டினால் முடிந்தது. பசையை மிகக் குறைவாகத் தொடுங்கள். இந்தக் காகிதம் ஈரத்தில் சாயம் விடும்.

படி 7: வாடும் வேலைகள்

குருத்தோலைத் தோரணத்தில் வரும் குருவி முடிச்சை எழுத்தில் கற்றுத்தர முடியாது. ஊரில் ஒரு பெரியவரின் அருகே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பழகினால் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவிகள், தலை மேல் நோக்கி இருக்கும். துக்க வீட்டுத் தோரணத்துக்கு மூன்று, தலை கீழ் நோக்கி இருக்கும். என் கணவர் ஓலை மிச்சமாகட்டும் என்று மூன்றாகப் பின்னி வாசலில் கட்டிப் பார்த்ததை எதிர்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு ஓடி வந்து அவிழ்த்தார்.

முடிச்சு வராவிட்டால் எளிய முறை ஒன்று உண்டு. ஓலையிலிருந்து ஈர்க்கை உரித்தெடுத்து, பட்டையை ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, கயிற்றின்மேல் பாதியாக மடித்துப் போட்டு, கழுத்தில் ஈர்க்குத் துண்டால் குத்தி, கீழ் முனைகளைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். மாவிலையையும் இதே போல ஈர்க்கால் குத்தலாம். ஸ்டேப்ளர் பின் குப்பையில் கலந்து மாட்டின் வயிற்றுக்குப் போகும். ஓலையை முந்தின நாள் காலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் போதும்.

செண்டுப்பூச் சரத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள். முகூர்த்த நாளில் பூ விலை ஏறும் என்பதால் ஊகம் இரட்டிப்பாகக் கடிக்கும். இரண்டு வாரம் முன்னதாகக் கால் கிலோ வாங்கி, ஊசி நூலில் கோத்து அளந்து பாருங்கள். எங்களுக்கு நான்கு அடிக்குச் சற்று மேல் வந்தது. தேவையான மொத்த அடியை அதால் வகுத்தால் எத்தனை கால் கிலோ என்ற கணக்கு கையில்.

படி 8: ஒப்படைப்பதும் பிரித்தெடுப்பதும்

முந்தின நாள் பிற்பகலோடு நீங்கள் இருவரும் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தோரணத்தையும் தனித்தனிப் பையில் சுருட்டி, ‘வாசல் இடது தூண்’, ‘பந்தி முகப்பு’ என்று இடத்தின் பெயரை எழுதி, படங்களோடும் அளவுகளோடும் சேர்த்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார். எங்களுக்கு அந்த ஒருவர் என் அத்தை மகன்; ஏணி, கத்தி, கயிறு, ஊக்கு எல்லாம் அடங்கிய வாளி ஒன்றை அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

பிரித்தெடுக்க வேறொருவரை நியமியுங்கள், ஏனெனில் மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில் நீங்கள் மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள், தோரணம் கட்டியவர் விடிய விடிய விழித்த களைப்பில் எங்கேனும் படுத்திருப்பார். புடவை ஒவ்வொன்றின் முந்தானையிலும் உரியவரின் பெயரைத் துணித்துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யாததால், மாமியாரின் கத்தரிப்பூ நிறச் சுங்குடி எங்கள் வீட்டிலும், அம்மாவின் அரக்குச் சுங்குடி மாமியார் வீட்டிலும் இருக்கின்றன. இருவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.