ஓஎஸ்பிஎஃப்: வேகமான இணைப்புக்கு முன்னுரிமை

கிளிநொச்சி அலுவலகத்தையும் மாங்குளத்துக் கிளையையும் 1 ஜிகாபிட் ஃபைபரால் இணைத்து, அது அறுந்தால் கைகொடுப்பதற்கென 100 மெகாபிட் வயர்லெஸ் இணைப்பு ஒன்றையும் வைத்திருப்பவர்கள், ரவுட்டர் தானாகவே ஃபைபரைத் தேர்ந்துகொள்ளும் என நம்பிவிடக் கூடாது. சிஸ்கோ ரவுட்டர்களில், தரவு செல்லும் பாதையைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு இணைப்புக்கும் கணக்கிடும் காஸ்ட் (இந்த மதிப்பு குறைந்த பாதைக்கே முன்னுரிமை), 100 மெகாபிட்டை போர்ட்டின் வேகத்தால் வகுத்துப் பெறப்படுவதாலும், அது 1-க்குக் கீழே இறங்காததாலும், இரண்டு இணைப்புகளும் சமமாகவே மதிக்கப்பட்டு, தரவு இரண்டிலும் பிரிந்து செல்லும்.

இதற்கு, வகுக்கப்படும் அந்த 100 மெகாபிட்டை மாற்றும் ‘ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித்’ கட்டளையில் 10000 (மெகாபிட்) என்று கொடுக்கலாம். ஆனால் எல்லா ரவுட்டர்களிலும் அதே எண் இருப்பது கட்டாயம். வயர்லெஸ் கருவி ஜிகாபிட் போர்ட்டில் செருகப்பட்டிருந்தால் அதுவும் போதாது, ஏனெனில் ரவுட்டர் அறிவது போர்ட்டின் வேகத்தையே அன்றி ரேடியோவின் வேகத்தை அன்று. ஆகவே ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்’ கட்டளையால் வயர்லெஸ் போர்ட்டுக்கு 100 போன்ற பெரிய மதிப்பை நேரடியாக இடுவதே என் பார்வையில் உறுதியான வழி. வெளியேறும் போர்ட்டின் காஸ்ட்டே கணக்கில் சேர்வதால், இதை இரு முனைகளிலும் செய்ய வேண்டும். ஒரு முனையில் மட்டும் மாற்றினால், மறுமுனையிலிருந்து வரும் தரவின் ஒரு பகுதி மெதுவான பாதையிலேயே தொடர்ந்து வரும்.