ஹீரோவை நல்லவனாக்க அவசரப்படாதீர்கள்

அனிமேஷன் கதை எழுத உட்காருகிறவர்கள் பலரும் செய்யும் முதல் தவறு, ஹீரோ மேல் யாருக்கும் கோபம் வந்துவிடக் கூடாதே என்று பயப்படுவது. அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் ஜாம்பவான்களே இதில் மாட்டிக்கொண்டு திணறியிருக்கிறார்கள். 2001இல் வெளியான 'மான்ஸ்டர்ஸ், இங்க்' படத்தைத்தான் சொல்கிறேன். இன்று பார்த்தால் ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிகிற அந்தக் கதை, சில வருஷங்கள் அடித்தும் திருத்தியும் வந்தது.

இயக்குநர் பீட் டாக்டர் 1996இல் இதில் இறங்கினார். அவர் முதலில் வைத்திருந்த ஒன்லைனே, அதாவது ஓரிரு வரியில் சொல்லும் கதைக்கருவே, வேறு. முப்பது வயது ஆள் ஒருவன். சின்ன வயதில் அவன் வரைந்த பூதங்கள் இப்போது நேரில் வந்து தொல்லை கொடுக்கின்றன. ஒவ்வொரு பூதமும் அவனுடைய ஒரு பயம். பயத்தை வென்றால் பூதம் காணாமல் போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்லைனில் ஆழமான கருத்து இருந்துவிட்டாலே கதை கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பார்ப்பவனுக்குப் பூதத்தைப் பிடித்துப்போகிற நேரம் பார்த்து அது மறைந்துவிட்டால், காமெடிக்கு எங்கே போவது?

அப்புறம் கதை பூதங்களின் பக்கம் திரும்பியது. குழந்தைகளைப் பயமுறுத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனி, அங்கே வேலை பார்க்கும் ஜான்சன் என்ற பூதம், அவனோடு வந்து சேரும் ஒரு குழந்தை. இந்த ஜான்சன்தான் பின்னால் சல்லி ஆனான்.

சிக்கல் இங்கேதான். குழந்தைகளை அலற வைப்பவனை யார் ரசிப்பார்கள் என்று குழுவுக்குக் கவலை. அதனால் அவனைக் கம்பெனியைக் கூட்டித் துடைப்பவன் ஆக்கினார்கள். ஆலைத் தொழிலாளி ஆக்கினார்கள். மறுபடி பயமுறுத்துபவன் ஆக்கினார்கள். அவன் யாரென்றே தெளிவில்லாமல் உருவப்படங்கள் மட்டும் குவிந்தன. படத்தில் சல்லியின் உடம்பில் 23 லட்சத்துக்கும் மேல் முடி, அதைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். ஆள் யாரென்று முடிவாகாத வரை எத்தனை லட்சம் முடி இருந்தும் பிரயோஜனமில்லை.

கடைசியில் எதிர்த்திசையில் போனார்கள்: இவன்தான் அந்தக் கம்பெனியின் நம்பர் ஒன் பயமுறுத்தி. குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள். அதன் பலன் எங்கே தெரிகிறது என்றால், பயிற்சி அறைக் காட்சியில். முதலாளி செய்து காட்டச் சொல்கிறார், சல்லி முழு வேகத்தில் கர்ஜிக்கிறான். அவனையே சுற்றிச் சுற்றி வந்த பூ என்கிற குழந்தை அதைப் பார்த்து நடுங்கி அழுகிறது. அங்கிருக்கும் திரைகளில் தன் முகத்தை அவனே பார்க்கிறான். துடைப்பக்காரனாக இருந்திருந்தால் இந்தக் காட்சிக்கே வழியில்லை.

குழந்தை விஷயத்திலும் ஒரு பாடுபட்டார்கள். ஒரு கட்டத்தில் அவள் பெயர் மேரி, வயது ஏழு, நாலு அண்ணன்களின் குறும்பில் அடிபட்டு வளர்ந்ததால் எதற்கும் அஞ்சாதவள். குட்டிப் பெண் பாத்திரம் என்றாலே துடுக்காகப் பேச வேண்டும் என்று நாமும்தான் எழுதித் தொலைக்கிறோம். சரி, அவளே எல்லாவற்றையும் சமாளித்துவிட்டால் பூதத்துக்கு என்ன வேலை? படத்தில் வருவது பேச்சுகூடச் சரியாக வராத குழந்தை. இன்னும் பயம் வேண்டும் என்று பிக்ஸாரோடு சேர்ந்து படமெடுத்த டிஸ்னி தரப்பில் சொன்னபோது, அந்தப் பயத்தையும் பூதங்களின் தலையில் கட்டிவிட்டார்கள்: குழந்தை என்றாலே விஷம், தொட்டால் போச்சு! எட்டடி உயர சல்லி ஒரு பொடிசுக்குப் பயந்து ஓடுவது அங்கிருந்துதான் வந்தது.

சல்லியின் நண்பனாக வரும் ஒற்றைக்கண் பூதம் மைக் இல்லாமல் இந்தப் படத்தை யோசிக்க முடிகிறதா? தொடக்கத்தில் அவன் கிடையாது. 1998 ஏப்ரலில் நடந்த இரண்டு நாள் கதை டிஸ்கஷனில்தான், சல்லி தன் இக்கட்டைச் சொல்லிப் புலம்ப ஒரு ஆள் வேண்டுமே என்று பேச்சு வந்தது. ஹீரோவைத் தனியே விட்டுவிட்டு அவன் மனசில் ஓடுவதை எப்படிக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இது சுலபம். சல்லி வேலைக்குப் போக எந்த டை கட்டுவது என்று மைக் யோசனை சொல்வதாக ஒரு சின்ன ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சியை வரிசையாகப் படங்களாக வரைந்து, போட்டுப் பார்த்தார்கள். கதைக்குள் அவன் இடம் உறுதியாயிற்று. முதலில் மைக்குக்குக் கைகளே கிடையாது, கால்களாலேயே எல்லாம். காகிதத்தில் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். அசைக்கப் போனால் தொழில்நுட்பச் சிக்கல். பிடிவாதம் பிடிக்காமல் கைகளை ஒட்டவைத்து வேலையைப் பார்த்தார்கள்.