புள்ளியை ரூபாயாகக் காட்டுங்கள்

பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் ஆன்லைனில் விற்கிறேன். கடை ஓடுவது வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில். ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி வரட்டும் என்று புள்ளித் திட்டம் ஆரம்பித்தேன். 100 ரூபாய்க்கு 2 புள்ளி, ஒரு புள்ளி ஒரு ரூபாய். மூன்று மாதமாகியும் யாரும் புள்ளியைத் தொடவில்லை.

மகள் கல்யாணத்துக்கு 9,000 ரூபாய்க்கு வாங்கிய மதுரை அக்கா ஒருவர் போன் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது. "தம்பி, 180 புள்ளி இருக்குன்னு மெசேஜ் வருது. அதை எங்கப்பா போடறது?" கணக்குப் பக்கத்துக்குப் போய், புள்ளியைக் கூப்பனாக மாற்றி, அந்தக் குறியீட்டைக் காப்பி செய்து பில் பக்கத்தில் ஒட்ட வேண்டும். செல்போனில் யார் இவ்வளவு செய்வார்கள்?

இப்போது பணம் கட்டும் பக்கத்தில், மொத்தத் தொகைக்கு மேலேயே ஒரு வரி வைத்திருக்கிறேன்: 'உங்கள் 180 புள்ளியில் ₹180 கழிக்கலாம்'. பக்கத்தில் ஒரு பட்டன். தட்டியதும் 850 ரூபாய் பில் அங்கேயே 670 ஆக வேண்டும். அடையாளத்துக்குச் செல்போன் எண் போதும், ஆனால் ஓடிபி கட்டாயம். இல்லாவிட்டால் அடுத்தவர் எண்ணைப் போட்டு அவர் புள்ளியை எடுத்துவிடுவார்கள். பில்லில் 10 சதவீதத்துக்கு மேல் கழிக்க முடியாது என்று முதலில் வைத்திருந்த வரம்பையும் எடுத்துவிட்டேன். அவர்கள் சேர்த்த புள்ளி அது, முழுசாகப் போடட்டும்.

புள்ளியை எப்போது வரவு வைப்பது என்பதில் கவனம் வேண்டும். வூகாமர்ஸில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் போட்ட உடனேயே 'ப்ராசஸிங்' நிலைக்கு, அதாவது பார்சல் அனுப்ப வேண்டிய நிலைக்குப் போய்விடும். அந்த நிலையிலேயே புள்ளி ஏறும்படி விட்டிருந்தேன். ஒருவர் பார்சலை வாங்காமல் திருப்பிவிட்டார், புள்ளி மட்டும் அவர் கணக்கில் நின்றது. ஆகவே ஆர்டர் 'கம்ப்ளீட்டட்', அதாவது முடிந்தது என்று ஆன பிறகே புள்ளி ஏறும்படி வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு ஆர்டரை அந்த நிலைக்கு மாற்றுங்கள். அதேபோல யுபிஐ பணம் பாதியில் நின்றுபோனால், கழித்த புள்ளி தானாகத் திரும்புகிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

ஒரு பொருள் மட்டும் திரும்பி வந்தால் என்ன செய்வது? 600 ரூபாய்ப் போர்வை இரண்டு, 60 புள்ளி போக 1,140 கட்டினார் என்று வையுங்கள். ஒன்றைத் திருப்பினால் 570 ரூபாய் பணமாக, 30 புள்ளி புள்ளியாகவே திரும்பும். 600-ஐயும் பணமாகக் கொடுத்தால் புள்ளியைக் காசாக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஜிஎஸ்டி விஷயம் சுருக்கமாக: விற்கும்போதே கொடுக்கும் தள்ளுபடி பில்லில் தெரிந்தால், அதைக் கழித்த தொகைக்குத்தான் வரி. அதனால் புள்ளிக் கழிவைப் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். முதல் பில்லை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் நிம்மதி.

அப்புறம், விலை குறைந்த சின்ன போன் ஒன்றில் நீங்களே ஆர்டர் போட்டுப் பாருங்கள். எங்கள் கடையில் முகவரி அடிக்கக் கீபோர்டு எழும்பியதும் புள்ளி வரி திரையை விட்டே போய்விட்டது. அதை முகவரிக் கட்டங்களுக்குக் கீழே, பணம் கட்டும் பட்டனுக்கு ஒட்டி நகர்த்திய பிறகுதான் சரியானது.