முப்பது வயதுக்குள் விறைப்புப் பிரச்சினையா? முதலில் இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

வயது இருபத்தெட்டு, சுகர் இல்லை, பிரஷர் இல்லை, ஆனாலும் விறைப்பு சரியாக வரவில்லை, வந்தாலும் பாதியில் போய்விடுகிறது. உடனே 'எனக்கு ஆண்மையே போச்சு' என்று முடிவு கட்டுவதுதான் முதல் தப்பு. முதலிரவையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலை முகூர்த்தத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கே எழுப்பிவிடுவார்கள், ஹோமப் புகை, மேடையில் மணிக்கணக்காக நின்று போட்டோ, அப்புறம் ஹாலில் சொந்தக்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும் வீட்டில் தாழ்ப்பாள் சரியாக விழாத ஓர் அறை. அன்றைக்கு உடம்பு ஒத்துழைத்தால்தான் ஆச்சரியம்.

விறைப்பு வர வேண்டுமென்றால் உறுப்பின் ரத்தக்குழாய்த் தசைகள் தளர்ந்து ரத்தம் உள்ளே வர வேண்டும். பயந்தால் சுரக்கிற அட்ரினலின் அதே தசைகளை இறுக்கிவிடும். ஒரு தடவை சொதப்பினவர் அடுத்த தடவை 'இன்னைக்கும் அப்படி ஆயிடுமோ' என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருப்பார், அந்தப் பதற்றமே மறுபடி கெடுக்கும். மனநல மருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5, சுமார் 6 மாதமாவது, அநேகமாக ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால்தான் கோளாறு என்று கணக்கில் எடுக்கிறது.

காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா என்று கவனிக்காமல் விடுவது அடுத்த தப்பு. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் ஓர் இரவுக்கு 3 முதல் 5 முறை அது தானாக வரும். அப்போது நன்றாக வந்து, மனைவியிடம் மட்டும் வரவில்லையென்றால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன, சிக்கல் மனசில். அப்போதும் வருவதில்லை என்றால் உடம்பைப் பரிசோதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் நம் ஆட்கள் நேராகப் போவது பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டிய லாட்ஜ் வைத்தியரிடம். 'கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி' என்று பயமுறுத்தி லேகியம் கொடுப்பார். சுய இன்பத்தால் நரம்பு தளராது, விந்து தீர்ந்தும் போகாது. பாலின்ப சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், போஸ்டர் என்னவோ ஓயவில்லை. இதுபோன்ற 'மூலிகை' மருந்துகளில் சில்டெனாஃபிலை, அதாவது வயாகராவை, சொல்லாமல் கலந்து விற்றதும் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

அதே சில்டெனாஃபிலை நண்பன் சொன்னான் என்று மெடிக்கலில் வாங்கிப் போடுவதும் தப்புதான். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு மாத்திரை போட்டால் வேலை செய்ய நேரமாகும், ஆசை எழாமல் அதுவாக எதையும் எழுப்பாது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக விழும். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்கவில்லையென்றால் வெட்கப்படாமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம், முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினாஸ்டரைடு, இவை சிலருக்கு இந்தத் தொல்லையைத் தரும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். ஜிம்மில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி தனி ரகம்: வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் விதைகள் தங்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், ஊசியை நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் சில மாதங்களுக்குத் தரைமட்டம்.

ஆபாசப் படம்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிகரெட்டில் அந்தச் சந்தேகமே கிடையாது, அது ரத்தக்குழாயையே கெடுக்கும். உறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான், இதயத்தினுடையது 3, 4 மில்லிமீட்டர். அடைப்பு ஆரம்பித்தால் சின்னதில்தான் முதலில் தெரியும். அதனால் இளவயது என்று அசட்டையாக இராமல் பிரஷர், மூன்று மாதச் சராசரி சுகர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தம் கொடுப்பதாக இருந்தால் காலையில் பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும், சாயங்காலம் அளவு தானாகவே குறைந்துவிடும்.

யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புக் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டர்) போகும்போது, முடிந்தால் மனைவியையும் அழைத்துப் போங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால், 'என்னைப் பிடிக்கவில்லை போல' என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.