இப்ராஹிம் அக் அல்ஹபீபைப் பற்றிச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

சஹாராவின் துவாரெக் இசைக்குழுவான தினாரிவேனை, அதைத் தொடங்கிய இப்ராஹிமை, யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது முதலில் வாயில் வருவது ஒரே வரிதான்: "துப்பாக்கியைப் போட்டுவிட்டு கிதாரை எடுத்தவர்கள்." நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது சொன்னால் இடைமறித்துவிடுகிறேன், ஏனென்றால் அந்த வரி இப்ராஹிம் வாழ்க்கையின் வரிசையையே தலைகீழாக்கிவிடுகிறது. முதலில் வந்தது கிதார்.

வரிசையாகப் பார்ப்போம். மாலியின் வடகிழக்கில், அல்ஜீரிய எல்லையை ஒட்டிய தெஸ்ஸாலித் பகுதிக்காரர் இப்ராஹிம். 1963இல் மாலி அரசை எதிர்த்து, சஹாராவில் நாடோடிகளாக வாழ்ந்த துவாரெக் மக்கள் கிளம்பியபோது அவருக்கு நாலு வயது இருக்கும். அந்தக் கிளர்ச்சியை அடக்கும்போது அவருடைய அப்பா கொல்லப்பட்டார். அதற்கப்புறம் அல்ஜீரியாவில் அகதி வாழ்க்கை, வேலை தேடி ஊர் ஊராக அலைச்சல். சிறுவனாக இருந்தபோது ஏதோ ஒரு படத்தில் கௌபாய் ஒருவன் கிதார் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி இவற்றை வைத்து தானே ஒன்று செய்துகொண்டார். நிஜ கிதார் கைக்கு வந்தது 1979 வாக்கில், தெற்கு அல்ஜீரியாவின் தமன்ரஸெத் ஊரில் இருந்தபோது. லிபியாவில் கடாஃபி துவாரெக் இளைஞர்களை ராணுவப் பயிற்சிக்கு அழைத்தது 1980இல், அதாவது அதற்கும் பிறகுதான். முகாமுக்குப் போனபோதே இவர்களிடம் பாட்டு இருந்தது. முகாமில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள், பாட்டுகளும் கூடின. 1990இல் மாலியில் மறுபடி கிளர்ச்சி வெடித்தபோது குழுவிலேயே சிலர் சண்டைக்குப் போனார்கள், சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு முழு நேரமும் இசை என்றானது. ஆக, துப்பாக்கி நடுவில் வந்து போன ஒன்று. போர் ஒருவரைப் பாடகராக்கியது என்று சொன்னால், அகதியாக, வேலையில்லாமல் அலைந்த அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தை நாமே அழித்துவிடுகிறோம். பாட்டு அங்கேதான் பிறந்தது.

அதற்குச் சாட்சி அவர்கள் வைத்துக்கொண்ட பெயரிலேயே இருக்கிறது. இந்த இசையை அவர்கள் இஷுமார் கிதார் என்கிறார்கள். 'இஷுமார்' என்பது வேலையில்லாதவனைக் குறிக்கும் 'ஷோமர்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அப்புறம் 'அஸூஃப்' என்று ஒரு சொல். ஏக்கம், தனிமை, பிரிந்த ஊரின் நினைப்பு எல்லாம் கலந்த ஒன்று, இவர்கள் பாட்டில் திரும்பத் திரும்ப வரும். இந்த இரண்டு சொல்லையும் தெரிந்துகொண்டாலே பாதி புரிந்துவிடும்.

அடுத்த பெரிய தவறு, 'பாலைவன ப்ளூஸ்' என்று பெயர் ஒட்டிவிட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைக் கேட்டுத்தான் இவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று முடிவுகட்டுவது. வெளிநாடுகளுக்குப் பயணம் போகத் தொடங்கும் வரை அமெரிக்க ப்ளூஸைக் கேட்டதே இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். காதில் விழுந்தது வேறு: மொராக்கோவின் எதிர்ப்புப் பாட்டுகள், அல்ஜீரியாவின் ராய் என்ற ஜனரஞ்சக இசை, கள்ள கேசட்டில் வந்த மேற்கத்திய ராக். அடியில் இருப்பதோ சொந்த மண்ணின் இசை. பெண்கள் மட்டுமே வாசிக்கும் ஒற்றைத் தந்தி இம்ஸாத், பெண்களே அடிக்கும் தெண்டே முரசு, தெஹர்தெந்த் என்ற தந்தி வாத்தியம். அந்தக் கைதட்டலையும், ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதையும் கவனித்துக் கேளுங்கள், எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ப்ளூஸோடு ஒப்பிடுவதில் தப்பில்லை, ஒப்பீட்டையே பிறப்புச் சான்றிதழாக்கக் கூடாது.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 'அக்' என்றால் 'மகன்'. அல்ஹபீபின் மகன் இப்ராஹிம். கட்டுரைகளில் "அல்ஹபீப் பாடினார்" என்று எழுதினால் தகப்பன் பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிட்டதாகிறது. இவரை இப்ராஹிம் என்றே எழுதுங்கள். 'துவாரெக்' என்பதும் வெளியார் வைத்த பெயர், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது கெல் தமஷெக், தமஷெக் பேசுகிறவர்கள் என்று.

2001ஐத் தொடக்கமாக வைப்பதும் வேண்டாம். வடக்கு மாலியின் கிடால் ஊர் வானொலி நிலையத்தில் பதிவாகி, வெளியுலகுக்கு அவர்களின் முதல் ஆல்பம் வந்த வருடம் அது, அவ்வளவுதான். அதற்கு முன் இருபது வருடமாகப் பாட்டு கேசட்டில்தான் ஓடியது. யாராவது வெற்று கேசட் கொண்டு வந்தால் காசு வாங்காமல் பதிந்து கொடுப்பார்கள், அது நகலாகி நகலாகி சஹாரா முழுக்கப் போகும். 2012இல் கிராமி விருது கிடைத்தபோது உலகம் 'கண்டுபிடித்ததாக' எழுதியதைப் படிக்க எனக்கு வருத்தமாகவே இருந்தது, சஹாரா மக்களுக்கு அவர்களை எப்போதோ தெரியும்.

எல்லாப் பாட்டும் இப்ராஹிமுடையது என்று நினைப்பதும் சரியில்லை. 1994இல் இறந்துபோன இன்தெயெதென், 'ஜப்பானியர்' என்று செல்லப்பெயர் பெற்ற முகமது அக் இத்லால், அப்துல்லா அக் அல்ஹூசைனி என்று பலர் எழுதிய பாட்டுகள் சேர்ந்ததுதான் தினாரிவேன்.

கடைசியாக, 2012இல் வடக்கு மாலியைப் பிடித்த ஜிஹாதி ஆயுதக் குழுக்களோடு துவாரெக் மக்கள் எல்லோரையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவது. அந்தக் குழுக்கள் அங்கே இசையையே தடை செய்தன. தினாரிவேன் கலைஞர் ஒருவரைப் பிடித்தும் வைத்திருந்தார்கள், பிறகு அவர் வெளியே வந்தார். அடுத்த ஆல்பத்தை அவர்கள் சொந்தப் பாலைவனத்தில் பதிய முடியாமல் கலிஃபோர்னியாவின் பாலைவனத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றால், 2007இல் வந்த 'அமன் இமன்' ஆல்பத்தைச் சொல்வேன். 'தண்ணீரே உயிர்' என்று பொருள். அதில் பிரெஞ்சில் 'அறுபத்து மூன்று' என்று மட்டும் தலைப்பிட்ட ஒரு பாட்டு இருக்கிறது. அது எந்த வருடம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.