கொம்பிரஷருக்கு எந்தக் குழாய்?

கிணற்று மோட்டருக்குப் போட்டு மிஞ்சிய பிவிசி குழாய் சும்மா கிடக்கிறதே என்று காற்றுக்கும் அதையே இழுக்காதீர்கள். அதில் எழுதியிருக்கும் அழுத்தம் தண்ணீருக்கானது. 8 பார் காற்றோடு வெடித்தால் கசிவதோடு நிற்காது, கூரிய துண்டுகளாகச் சிதறும், அதிலும் வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சூடேறிய பிவிசிக்குப் பலம் இன்னும் குறைவு.

கிளிநொச்சியில் என் கொட்டிலில் இருப்பது அரை அங்குல ஜிஐ குழாய், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய். மரை வெட்ட ஆள் கிடைக்கும், ஆனால் நாளாக உள்ளே துருப்பிடித்து, பெயின்ற் அடிக்கிற நேரம் பார்த்துப் பொட்டுப் பொட்டாக வந்து விழும். கையில் காசிருந்தால் செம்பு.

எந்தக் குழாயானாலும், காற்றிலுள்ள ஈரம் உள்ளே தண்ணீராகித் தேங்காமல் வடிய, சரிவு முக்கியம். மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் போதும், கொம்பிரஷரிலிருந்து விலகிச் சரியட்டும். கிளைக் குழாயைப் பிரதான குழாயின் மேல்பக்கத்தால் எடுத்து வளைத்துக் கீழே இறக்கி, அடியில் ஒரு வால்வு பூட்டுங்கள். மாரியில் அதைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும்.

அப்புறம், கொம்பிரஷரைக் குழாயோடு நேரே இறுக்காமல் நடுவில் றப்பர் ஹோஸ் போடுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் மூட்டு விட்டுவிடும். கடைசியாகச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்த மூட்டைக் காற்றை இறக்கிவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.